பிளெண்டரில் மனித முகங்கள்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

முப்பரிமாண உருக்களை அமைக்கும் பிளெண்டர் மென்பொருளில், ஒளியைக் கணக்கிட்டு அவற்றைப் படமாக்கித் தரும் சைக்கிள்ஸ் ரெண்டரரைப் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் மனித முகங்களை உருவாக்கவே பயன்படுத்திவருகிறேன். ஒரு முகத்தை நம்ப வைப்பது அதில் எத்தனை நுண்துளைகளைச் செதுக்கினோம் என்பதல்ல, ஒளி தோலுக்குள் எவ்வளவு தூரம் சென்று திரும்புகிறது என்பதே என நான் உறுதியாக நம்புகிறேன். அந்த வகையில் சைக்கிள்ஸ் எனக்கு நிறைவளித்திருக்கிறது.

தோலில் படும் ஒளியில் சிறு பகுதி மட்டுமே மேற்பரப்பில் தெறிக்க, மீதியில் ஒரு பங்கு உள்ளே சிதறிச் சற்றுத் தள்ளி வெளிவருகிறது. சிவப்பு ஒளி மற்ற நிறங்களைவிட ஆழமாக ஊடுருவுவதால்தான், பின்னால் வெயில் படும்போது காதுமடல் சிவந்து தெரிகிறது. ஹென்ரிக் வான் யென்சனும் சக ஆய்வாளர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, இதைக் கணினியில் விரைவாகக் கணக்கிட வழி திறந்தது. 2019-இல் வந்த பிளெண்டர் 2.80-இன் ரேண்டம் வாக் முறை (ஒளி தோலுக்குள் தாறுமாறாக அலையும் பாதையைப் பின்தொடர்ந்து கணக்கிடுவது), காது, மூக்குநுனி போன்ற மெல்லிய பகுதிகளின் வடிவத்தை மழுக்காமல் இந்தச் சிதறலைக் காட்டுகிறது. ஆனால் தலையின் அளவு மெய்யாக இருக்க வேண்டும். சிதறல் தூரத்தோடு ஒப்பிடத் தலை சிறிதானால் முகம் மெழுகாகும், பெரிதானால் களிமண்ணாகும்.

மாநிறத்தையும் கறுப்பையும் வரைவதற்குத் தனிக் கவனம் தேவை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை அதிகம் உறிஞ்சுவதால் தோலின் உள்ளிருந்து திரும்பும் ஒளி குறைந்து, மேற்பரப்பின் பளபளப்பே கண்ணில் முந்துகிறது. ஆகவே நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய்ப் பசையைக் கூட்டியும் கன்னத்தில் குறைத்தும் ரஃப்னெஸ் மேப்பை, அதாவது எந்த இடம் எவ்வளவு பளபளக்க வேண்டும் என்று சொல்லும் படத்தை, தீட்டுவதில்தான் என் நேரத்தில் பெரும்பகுதி செல்கிறது. வெளிர் தோலுக்கான ஷேடரில் (மேற்பரப்பு ஒளியில் எப்படித் தெரிய வேண்டும் என்ற அமைப்பில்) நிறத்தை மட்டும் மாற்றினால், முகத்துக்குச் சாயம் பூசியது போலத்தான் இருக்கும்.

கண்ணுக்கு வெளியே ஒளி ஊடுருவும் தனி உறை வேண்டும். அதன் ஒளிவிலகல் எண்ணாக, கருவிழியின் முன்னுள்ள தெளிவான படலத்துக்குரிய (கார்னியா) 1.376-ஐ வைக்கிறேன். கீழிமையும் விழியும் சேரும் இடத்தில் மெல்லிய ஈரக்கோடு ஒன்றைச் சேர்த்தவுடன், ஒட்டிவைத்தது போலிருந்த விழி முகத்தோடு பொருந்திவிடுகிறது. வெள்ளைப்பகுதியைத் தூய வெண்மையாக விடவே கூடாது. முடிக்கு மெலனின் அளவைக் கொண்டே நிறம் அமைக்கும் வசதி மிக நல்லது.

ரெண்டர் நேரம்தான் பெரிய சுமை. சாம்பிள்களை (ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஒளியைக் கணக்கிடும் தடவைகளை) குறைத்து, அதனால் வரும் புள்ளிப்புள்ளியான இரைச்சலை நீக்கும் டீநாய்சரை நம்பினால், பாடுபட்டு அமைத்த நுண்துளைகள் வழித்தெடுக்கப்பட்டுவிடுகின்றன. அதனால் நெருக்கமான முகப்படங்களுக்குச் சாம்பிள்களை உயர்த்தி, டீநாய்ஸ் செய்த படத்தையும் செய்யாத படத்தையும் படங்களை ஒன்றிணைக்கும் கம்போசிட்டரில் கலந்தே இறுதிப் படத்தை எடுக்கிறேன்.