ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கம்: சில வருடம் பழகிய பிறகு

ரூட்டர் வாங்கும்போது எத்தனை ஆன்டெனா, எத்தனை எம்பிபிஎஸ் வேகம், மாடி ரூம் வரை சிக்னல் எட்டுமா என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். வாங்குவதற்கு முன் நான் படித்த விமர்சனங்களும் அதையேதான் பேசின. அதன் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று யாரும் எழுதுவதில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் அங்கே போகிறோம். போகிற அன்றைக்கு நெட் வராமல் இருக்கும், வீட்டில் எல்லோரும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் கதவு திறக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

திருச்சியில் எங்கள் வீட்டில் இரண்டு பெட்டிகள். ஒன்று, இணைப்பு கொடுத்தவர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போன ஃபைபர் பெட்டி. இன்னொன்று, நான் தனியாக வாங்கிய நடுத்தர விலை ரூட்டர். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. உறவினர் வீடுகளில் வேறு வேறு கம்பெனிப் பெட்டிகளையும் திறந்து பார்த்திருக்கிறேன், நுழைகிற விஷயத்தில் எல்லாம் ஒரே குடும்பம்தான்.

முதலில் முகவரி, அதாவது அந்தப் பக்கத்தைத் திறக்க பிரவுசரில் அடிக்க வேண்டிய எண். பெட்டியின் அடியில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று போட்டிருக்கும். ஆனால் எல்லாப் பெட்டியிலும் அப்படி இல்லை. சியோமி 192.168.31.1, ஜியோஃபைபர் 192.168.29.1, மைக்ரோடிக் 192.168.88.1 என்று ஆளுக்கொரு பழக்கம். 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம், 192.168 என்று தொடங்கும் எண்களை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்கிக்கொள்ள ஒதுக்கிவிட்டது. அதனால்தான் எதிர்வீட்டு ரூட்டருக்கும் நம் ரூட்டருக்கும் ஒரே எண் இருந்தாலும் சண்டை வருவதில்லை. வெளி இணையத்தில் அந்த எண்ணுக்கு வழியே கிடையாது.

ஸ்டிக்கரை நம்புவதைவிட ஃபோனைக் கேட்பது நல்லது. ஆண்ட்ராய்டில் இணைந்திருக்கும் வைஃபையின் விவரத்தைத் திறந்தால் 'கேட்வே' என்று ஓர் எண் இருக்கும், அதுதான் ரூட்டரின் எண். ஐஃபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள வட்டத்தைத் தொட்டால் 'ரூட்டர்' என்றே எழுதியிருக்கும். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்தால் 'டீஃபால்ட் கேட்வே' வரியில் கிடைக்கும். யாராவது எண்ணை மாற்றி வைத்திருந்தாலும் இந்த வழி சரியான விடையைச் சொல்லும். ஸ்டிக்கருக்கு அது தெரியாது.

எண் கிடைத்த பிறகும் ஒரு தொல்லை உண்டு. ஃபோனில் அதை அடித்தவுடன் பிரவுசர் சில சமயம் தேடலுக்குக் கொண்டுபோய்விடும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும், 1 என்ற எண்ணுக்குப் பதில் அதே மாதிரி தெரிகிற ஆங்கில எழுத்தை அடித்தாலும் இதுதான் நடக்கும். தேடலில் வருகிற பக்கங்களில் பாதி, ரூட்டருக்குச் சம்பந்தமே இல்லாதவை. சிலவற்றில் 'உதவி எண்' என்று ஒரு ஃபோன் நம்பர் பெரிதாக இருக்கும். அதற்கு மட்டும் கூப்பிடாதீர்கள். நம் வீட்டுப் பெட்டியின் பக்கம் நம் வீட்டுக்குள்தான் இருக்கிறது, அதைத் தேடி கூகுளுக்குப் போகவே வேண்டாம். எண்ணுக்கு முன்னால் எச்டிடிபி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு என்று முழுதாக அடித்தால் பிரவுசர் குழம்பாது. ஒருமுறை திறந்ததும் புக்மார்க் போட்டுக்கொண்டேன், இப்போது அடிக்கிற வேலையே இல்லை.

நெட் இல்லாத நேரத்தில் ஃபோனிலிருந்து திறக்கிறவர்கள் முதலில் மொபைல் டேட்டாவை அணைக்க வேண்டும். வைஃபையில் இணையம் வரவில்லை என்று தெரிந்தால் ஃபோன் தானாக சிம் பக்கம் தாவிவிடும், சிம் வழியாக ரூட்டரைத் தொட முடியாது. நம் இணையப் போக்குவரத்தை வெளியே வேறு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் ஓடினாலும் இதே கதைதான். ரூட்டர் கெட்டுப்போய்விட்டது என்று எனக்கு வருகிற ஃபோன்களில் பல இந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும்.

எண் கஷ்டம் என்று கம்பெனிகள் பெயரும் வைத்திருக்கின்றன. நெட்கியரில் ரூட்டர்லாகின்.நெட், டிபி-லிங்கில் டிபிலிங்க்வைஃபை.நெட். அடிக்கச் சுலபம்தான். ஆனால் நீண்ட நாள் பழக்கத்தில் எனக்கு இதில் நம்பிக்கை குறைந்துவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டதும் ரூட்டரே குறுக்கே புகுந்து 'அது நான்தான்' என்று பதில் சொல்வதால்தான் இது நடக்கிறது. தளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் வேலைக்கு டிஎன்எஸ் என்று பெயர். அதை வெளி சர்வரிடம் கேட்கச் சொல்லும் 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பை ஃபோனில் போட்டு வைத்திருந்தால் கேள்வி ரூட்டர் காதில் விழாமலேயே வெளியே போய்விடும், பக்கம் திறக்காது. இன்னொன்று, பெயர் என்பது வருடாவருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய பொருள். டிபி-லிங்க் முன்பு பெட்டிகளில் அச்சிட்ட டிபிலிங்க்லாகின்.நெட் என்ற பெயரைப் புதுப்பிக்காமல் விட்டு, அது வேறு கைக்குப் போன செய்தி 2016-இல் வந்தது. ஸ்டிக்கரில் இருப்பதோ பழைய பெயர், சொந்தக்காரர் வேறு ஆள். எண்ணுக்கு இந்த ஆபத்து கிடையாது.

அடுத்தது பாஸ்வேர்டு. ஒரு காலத்தில் எல்லாப் பெட்டிக்கும் 'அட்மின்', 'அட்மின்' என்றால் போதும். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு விலை 2016-இல் தெரிந்தது. மிராய் என்ற தீய மென்பொருள், கம்பெனிகள் போட்டு அனுப்பும் அறுபது சொச்சம் பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் வளைத்துப் போட்டது. அதே வருடம் அக்டோபர் 21 அன்று பல தளங்களுக்கு டிஎன்எஸ் வேலையைச் செய்துவந்த டைன் என்ற நிறுவனத்தின் மீது அவற்றை ஏவிவிட்டதில் ட்விட்டர் உட்படப் பல பெரிய தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. பிறகுதான் சட்டங்கள் வந்தன. கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி முதலும் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதலும், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு என்ற வேலை செல்லாது. இப்போது வாங்குகிற பல ரூட்டர்கள், முதல் முறை திறந்ததும் நம்மையே புதிதாக ஒன்று போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நல்ல மாற்றம்தான், ஆனால் வீட்டில் இது ஒரு புதுக் குழப்பத்தைக் கொண்டுவந்திருக்கிறது. வைஃபை பாஸ்வேர்டு வேறு, செட்டிங்ஸ் பக்கத்தின் பாஸ்வேர்டு வேறு என்பது பலருக்குப் பிடிபடவில்லை. "தம்பி, வைஃபை பாஸ்வேர்டைத்தான் போடுறேன், உள்ள விட மாட்டேங்குது" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கூப்பிடுவார். தொடர்ந்து தவறாகப் போட்டால் பல ரூட்டர்கள் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும், அது வேறு. என் வழி பழைய வழி. இரண்டு பாஸ்வேர்டையும் ஒரு தாளில் தனித்தனியாக எழுதி, இபி கார்டு இருக்கும் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். தாளில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எழுதாமல் விட்டு, மறந்து போய், ரீசெட் பட்டனில் குண்டூசியைக் குத்துவதைவிட இது எவ்வளவோ மேல். இணையத்தின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் திருடனுக்கு எங்கள் பீரோ திறக்காது.

ரீசெட் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பத்து விநாடி அழுத்தினால் பாஸ்வேர்டு பிரச்சினை தீரும் என்று வீடியோக்களில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பாஸ்வேர்டோடு சேர்ந்து, இணைப்பு கொடுத்தவர்களின் நெட்வொர்க்குக்குள் ரூட்டர் நுழையப் பயன்படுத்தும் பிபிபிஓஇ பயனர்பெயரும் பாஸ்வேர்டும் போய்விடும், சில இணைப்புகளில் அவர்கள் நெட்வொர்க்கில் நம் இணைப்புக்கான தடத்தைக் குறிக்கும் விஎல்ஏஎன் எண்ணும் போய்விடும். அவை இல்லாமல் பெட்டியில் விளக்கு எரியும், நெட் வராது. எங்களுக்கு இணைப்பு கொடுத்தவர்களிடம் அந்த விவரத்தைக் கேட்டபோது, "அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கும் சார், நாங்களே வந்து போட்டுக்குறோம்" என்றார் பெட்டி மாட்ட வந்த தம்பி. எழுதிக் கொடுக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மாதாமாதம் நாம் பணம் கட்டுகிற இணைப்பின் விவரம் நம் கையில் இருப்பதில் அவர்களுக்கு என்ன நஷ்டம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. என் ரூட்டரில் 'பேக்கப்' என்று ஒரு வசதி இருக்கிறது. எல்லா அமைப்பையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால், ரீசெட்டுக்குப் பிறகு அதை ஏற்றிவிடலாம். பெரும்பாலும் அதே மாடலில்தான் அது எடுபடும். உள்ளே பாஸ்வேர்டுகளும் இருக்கும் என்பதால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைக்க வேண்டாம்.

இரண்டு பெட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு தனி வார்த்தை. சுவரில் இருக்கும் பெட்டிக்கும் வாங்கிய ரூட்டருக்கும் 192.168.1.1 என்ற ஒரே எண் அமைந்துவிட்டால் நெட் வராது, வந்தாலும் கோளாறு செய்யும். புதிய ரூட்டர்கள் பல இதைக் கண்டுபிடித்துத் தங்கள் எண்ணைத் தாங்களே மாற்றிக்கொள்ளும். அப்புறம் பழைய புக்மார்க் வேலை செய்யாது, அல்லது அடுத்த பெட்டியின் பக்கம் திறக்கும். நான் என் ரூட்டருக்கு வேண்டுமென்றே 192.168.77.1 என்று யாரும் வைக்காத எண்ணை வைத்துவிட்டேன், அதற்குப் பிறகு இந்தத் தகராறு இல்லை. சுவர்ப் பெட்டியின் பக்கமும் திறக்கத்தான் செய்கிறது. ஆனால் நமக்குக் கொடுக்கும் கணக்கில் வைஃபை பெயரை மாற்றலாம், அவ்வளவுதான். மற்ற மெனுக்கள் அவர்கள் கணக்கில். தவிர, டிஆர்-069 என்ற முறையில் அவர்கள் அலுவலகத்திலிருந்தே அந்தப் பெட்டியை மாற்றியமைக்க முடியும். இதெல்லாம் பார்த்துத்தான் தனி ரூட்டரே வாங்கினேன்.

உள்ளே போனால் என்ன செய்கிறேன்? வைஃபை பாஸ்வேர்டு அடிக்காமல் ஒரு பட்டனாலோ பின் எண்ணாலோ இணைய விடும் டபிள்யூபிஎஸ்ஸை முதல் நாளே அணைத்தேன். அதன் 8 இலக்கப் பின் இரண்டு துண்டாகச் சோதிக்கப்படுவதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடைக்கலாம் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள். வெளியிலிருந்து பக்கத்தைத் திறக்க விடும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' அணைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஒரு பார்வை. டிஎன்எஸ் எண்களையும் பார்ப்பேன். பிரேசிலில் 2011 வாக்கில் லட்சக்கணக்கான மோடம்களில் அந்த எண்களை மாற்றி, வங்கித் தளம் கேட்டவர்களைப் போலித் தளங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கணினிகளில் வைரஸ் தேடினால் கிடைக்காது, மாறியிருப்பது சுவரில் இருக்கிற பெட்டி. பிரின்டருக்கு நிலையான எண் ஒதுக்கி வைத்தது, இத்தனை நாளில் எனக்கு அதிகம் பயன்பட்ட ஒரே மாற்றம்.

யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் மட்டும் முன்போலப் பயன்படுவதில்லை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து ஃபோன்கள், ரூட்டர் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காணும் தங்கள் மேக் முகவரியை மறைத்துப் பொய் முகவரி காட்டுகின்றன. திருடன் யாரோ நுழைந்துவிட்டான் என்று பார்த்தால் அது நம் வீட்டு ஃபோனாகவே இருக்கும். பிள்ளைகளின் நேரக் கட்டுப்பாடும் இதனால் ஓட்டையாகிவிட்டது. வைஃபையை 'மறந்துவிடு' என்று சொல்லிவிட்டு மறுபடி இணைந்தால் சில ஃபோன்களுக்குப் புது முகவரி கிடைக்கும் என்பதைப் பிள்ளைகள் நமக்கு முன்பே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

ஆப் பற்றியும் கேட்பீர்கள். அம்மா வீட்டு ரூட்டரை ஆப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். தஞ்சாவூரில் நெட் போனால் பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று இங்கிருந்தே தெரிகிறது, அதற்கு ஆப் நல்லது. என் சொந்த ரூட்டருக்கு அதை வைத்துக்கொள்ளவில்லை. நம் வீட்டுக்குள் இருக்கும் பெட்டியைத் தொட வெளியே ஒரு கணக்குத் திறக்கச் சொல்கிறது, நுணுக்கமான அமைப்புகளில் பாதி அதில் இல்லை. ஆப் உள்ளே இருக்கும்போது பிரவுசரில் நுழைந்தால் 'வேறு ஒருவர் உள்ளே இருக்கிறார்' என்று தடுக்கிற பெட்டிகளும் உண்டு. பிரவுசர் பக்கத்தில் எனக்குள்ள குறை ஒன்றுதான், 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை. வீட்டுக்குள் புழங்கும் எண்களுக்குப் பொதுச் சான்றிதழ் தரமாட்டார்கள் என்பதால் அது வந்தே தீரும். நம் ரூட்டரின் எண்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் தாண்டிப் போகலாம். வேறு எந்தத் தளத்திலும் அந்தத் தைரியம் வேண்டாம்.

என் மாடலுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வருவது குறைந்துவிட்டது, எனவே அடுத்த ரூட்டர் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். டிபி-லிங்க் போன்ற சில கம்பெனிகள் பல மாடல்களின் செட்டிங்ஸ் பக்கத்தை அப்படியே மாதிரியாகத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. வாங்காமலேயே உள்ளே போய் ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்க்கலாம். இந்த முறை ஆன்டெனாவை எண்ணுவதற்கு முன் அதைத்தான் பார்க்கிறேன். பிரவுசரில் திறக்காமல் ஆப் மட்டும் போதும் என்கிற பெட்டிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.