கைதானவருக்கு ஒரு சட்டம், பாதிக்கப்பட்டவருக்கு ஒரு சட்டம்: பரிசோதனை அறையில் ஒப்புதல்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51ஆம் பிரிவு, கைதானவரின் உடலில் ஆதாரம் கிடைக்கும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், காவல்துறையின் வேண்டுகோளின்பேரில் மருத்துவர் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தியும் ரத்தம் உள்ளிட்ட மாதிரிகளை எடுக்க அனுமதிக்கிறது. முன்பு சார்பு ஆய்வாளராவது கேட்க வேண்டியிருந்தது. இப்போது எந்தக் காவல் அதிகாரியும் கேட்கலாம் என்பது பின்னடைவாகவே தோன்றுகிறது. ஆயினும் இந்த அதிகாரத்துக்கும் எல்லை உண்டு: சம்மதமின்றி நார்கோ சோதனை (மருந்து செலுத்தி அரைமயக்க நிலையில் விசாரிப்பது) நடத்தக் கூடாதென உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணைப் பற்றிய 184ஆம் பிரிவு நேரெதிரானது. அவரது, அல்லது அவர் சார்பில் ஒப்புதல் தரத் தகுதியுள்ளவரது சம்மதமில்லாத எந்தப் பரிசோதனையையும் அது சட்டபூர்வமாக்குவதில்லை. சம்மதம் பெற்றதை மருத்துவர் அறிக்கையிலும் பதிய வேண்டும். பரிசோதனையின்போது காவலர் அறைக்குள் இருக்கக் கூடாது என்றும், பரிசோதனையை மறுத்தவருக்குச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்றும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. ஆகவே, வழக்கு வலுவிழக்கும் என்று விசாரணை அதிகாரி எவ்வளவு வற்புறுத்தினாலும், பணியில் உள்ள மருத்துவர் மறுப்பை எழுதிப் பதிந்துவிட்டுச் சிகிச்சையைத் தொடரலாம்.