சிறிய ரீஃப் தொட்டிக்கு எந்த விளக்கு? சில வருடங்கள் எரியவிட்டுப் பார்த்த அனுபவம்

ரீஃப் தொட்டிக்கு, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு, விளக்கு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். அதில் எவ்வளவு ஒளி பவளத்தின் மேல் போய் விழுகிறது என்று அது சொல்லாது. கேட்க வேண்டியது வேறு: எந்தப் பவளம் வளர்க்கப் போகிறீர்கள்? அது முடிவானால் விளக்கில் பாதி முடிவாகிவிடும்.

என்னுடையது பக்கத்துக்கு 45 செ.மீ. உள்ள கனசதுரத் தொட்டி, சுமார் 90 லிட்டர். அதில் இருக்கும் பவளங்கள்: மஷ்ரூம், சோவாந்திட், ஒரு ஹாமர், ஒரு டார்ச், மேல் பாறையில் மட்டும் மொண்டிபோரா. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் ஒளியை உணவாக்கித் தருகிறது. அந்தப் பாசிக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியைத்தான் பார் (PAR) என்ற அளவில் சொல்கிறோம். மஷ்ரூம், சோவாந்திட் போன்ற மென்பவளங்களுக்கு 50 முதல் 100 பார் போதும். ஹாமர், டார்ச் இரண்டும் 100, 150 பக்கம் நிம்மதியாக விரியும். அதிக ஒளி கேட்கும் அக்ரோபோரா பவளம் வேண்டும் என்றால்தான் 200, 300-க்கு மேல் யோசிக்க வேண்டும். அதாவது என்னைப் போன்ற கலவைத் தொட்டிக்குப் பெரிய பலம் தேவையில்லை.

முதலில் வைத்திருந்தது இரண்டே சேனல் உள்ள ஒரு பலமான எல்இடி பெட்டி. ஒரு குமிழ் வெள்ளைக்கு, இன்னொன்று நீலத்துக்கு. ஒளிக்கு அதில் குறையே கிடையாது. ஆனால் ஒவ்வொரு எல்இடி மேலும் குறுகிய லென்ஸ். நடுவில் கொட்டும், மூலையில் இருட்டு. குமிழை எவ்வளவு குறைத்தாலும் நேர் கீழே இருந்த ஹாமர் சுருங்கியே கிடந்தது. அதே நேரத்தில் ஓரத்தில் இருந்த சோவாந்திட் ஒளி தேடிக் கழுத்தை நீட்டியது. ஒரே தொட்டிக்குள் இரண்டு புகார். விளக்கை இன்னும் உயரத்தில் தொங்கவிட்டதும் ஒளி பரவியது, நடுவின் வேகமும் தணிந்தது. ஆனால் பக்கவாட்டில் கசிந்த நீல ஒளியில் உட்கார்ந்து டிவி பார்க்க முடியவில்லை.

அதனால் அடுத்த விளக்கைத் தேர்ந்தெடுத்தபோது பார்த்தது இரண்டுதான்: ஒளி எவ்வளவு சீராகப் பரவுகிறது, எவ்வளவு மெதுவாகக் குறைக்க முடிகிறது. இப்போது இருப்பது எல்இடிகளை நெருக்கமாக வைத்து, மேலே ஒளியைப் பரப்பிவிடும் தகடு போட்ட, பல சேனல் விளக்கு. கண்ணுக்கு முந்தையதைவிட மங்கல்தான். பவளங்களின் கணக்கே வேறு: பாறையின் பின்பக்கம் வரை சோவாந்திட் பரவியிருக்கிறது, ஹாமர் புதிய தலைகள் விட்டிருக்கிறது. விரிந்த பரப்பிலிருந்து வரும் ஒளியில் நிழல் கூர்மையாக விழுவதில்லை. மொண்டிபோரா மாதிரித் தட்டாக வளர்கிற பவளம் தன் நிழலிலேயே தன் அடிப்பகுதியைக் கொன்றுவிடும், அதற்கு இது பெரிய உதவி.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல்நீர் சிவப்பைச் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடும், ஆழம் போகப் போக நீலம்தான் மிஞ்சும். அதற்குப் பழகியவை பவளங்கள். 450 நானோமீட்டர் பக்கம் உள்ள நீலம் அவற்றின் பாசிக்கும் பிடிக்கும், திசுவில் உள்ள ஒளிரும் புரதங்களையும் தூண்டும். பச்சையும் ஆரஞ்சுமாக அவை மின்னுவது அதனால்தான். நான் நாள் முழுக்க நீலத்தை முதன்மையாக வைத்து, நடுப்பகலில் மட்டும் வெள்ளையைக் கொஞ்சம் ஏற்றுகிறேன். அந்த நேரத்தில்தான் தொட்டியின் உண்மை நிலை தெரியும். முழு நீலத்தில் நோயுற்ற பவளமும் அழகாகத்தான் இருக்கும்.

இன்னொன்று: லக்ஸ் மீட்டரையோ போன் செயலியையோ வைத்து ஒளியை அளந்து முடிவெடுக்காதீர்கள். லக்ஸ் மனிதக் கண்ணின் உணர்வை ஒட்டிய அளவு. பச்சைக்கு அதிக மதிப்பு, நீலத்துக்குக் குறைவு. நீல விளக்கின் கீழ் அது மிகக் குறைத்துக் காட்டும், நீங்கள் ஏற்றிக்கொண்டே போவீர்கள். நீருக்குள் வைக்கும் பார் மீட்டரை யாரிடமாவது ஒரு நாளைக்கு இரவல் வாங்கி, மணலிலும் நடுப்பாறையிலும் உச்சியிலும் அளந்து எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

நாள்பட்ட பிறகு தெரிகிற சங்கதிகள் வேறு. மூடியில்லாத தொட்டியில் உப்புத் துளி தெறித்து விளக்கின் அடியில் படலமாகப் படியும். அது மெல்ல மெல்ல நடப்பதால் ஒளி குறைவது கண்ணுக்குத் தெரியாது. வாரம் ஒருமுறை, விளக்கை அணைத்து, சூடு தணிந்ததும் ஈரத்துணியால் துடைக்கிறேன். விசிறி உள்ள விளக்கு என்றால் அதன் சத்தமும் கூடவே வரும். படுக்கையறையில் வைப்பவர்கள் விசிறி இல்லாததையே தேடுங்கள். நேர அட்டவணை விளக்குக்குள்ளேயே பதிவாகிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள். செயலியை மட்டும் நம்பிய ஒரு விளக்கு, மின்சாரம் போய் வந்ததும் முழு வெள்ளையில் எரிந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடியிலும் பாறையிலும் வேண்டாத பாசி வந்தால் எல்லாரும் விளக்கைத்தான் திட்டுவார்கள். எட்டு, ஒன்பது மணி நேரம் எரியும் விளக்கு மட்டும் பாசியைக் கொண்டுவராது, முதலில் நீரில் அதற்கு உணவாகும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பாருங்கள்.

புது விளக்கைப் பொருத்தும்போது பழைய பார் அளவுக்குச் சமமாகவோ குறைவாகவோ தொடங்கி, சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். திடீரென ஒளி கூடினால் பவளம் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும், அதிலிருந்து மீள்வது கடினம். ஒளி குறைந்தால் பெரும்பாலும் பழுப்பேறும், அதற்கு நேரம் இருக்கிறது, நிதானமாகச் சரிசெய்யலாம். ஒளி ஏறி வளர்ச்சி வேகமானால் எலும்புக்கூடு கட்ட காரத்தன்மையும் கால்சியமும் கூடுதலாகச் செலவாகும். அந்த வாரங்களில் காரத்தன்மையை வழக்கத்தைவிட அடிக்கடி சோதியுங்கள். சிறிய தொட்டியில் அது சரிவது வேகமாக நடக்கும்.