காரீயப் பட்டைக் கண்ணாடியை அடைக்க நான்கு வழிகள்: ஓர் ஒப்பீடு

வண்ணக் கண்ணாடித் துண்டுகளைக் காரீயப் பட்டைகளில் கோத்து மூட்டுகளைப் பற்றவைத்ததும் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். அந்த நிலையில் பலகையைத் தூக்கி மெல்ல அசைத்தால் துண்டுகள் கலகலக்கும். ஒரு குவளை நீரை ஊற்றினால் மறுபக்கம் ஒழுகும். ஆங்கில 'எச்' எழுத்தைப் போன்ற குறுக்குவெட்டு உடைய பட்டையின் இதழ்களுக்கும் (கண்ணாடியின் விளிம்பை இருபுறமும் பற்றும் ஓரங்கள்) கண்ணாடிக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் இரண்டுக்கும் காரணம். அதை நிரப்பும் நான்கு வழிகளை, ஓரடிச் சதுரத்தில் ஒரே வடிவமாகச் செய்த நான்கு பலகைகளில் முயன்று பார்த்து, அவற்றை மரச்சட்டத்தில் பொருத்திச் சென்னையில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் நிறுத்தி வைத்தேன். (நம் வீட்டு ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம்; இங்கே பேசுவது நஞ்சாகிய காரீயம். ஆகவே கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.)

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையால் கலந்த பழைய முறைக் கலவையே எனக்கு முதலிடம். தச்சர்களும் வண்ணம் பூசுவோரும் பயன்படுத்தும் டபுள் பாயில்டு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் இரண்டு பங்கு, டர்பன்டைன் ஒரு பங்கு, சிறிது விளக்குக் கரி ஆகியவற்றைக் கலந்து, இட்லி மாவின் பதம் வரும்வரை சாக் பவுடரைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இதைக் கைவினைஞர்கள் சிமென்ட் என்று அழைத்தாலும் கட்டடச் சிமென்டுக்கும் இதற்கும் உறவில்லை. பலகையைச் சமமான மேசையில் கிடத்தி, கலவையை ஊற்றி, விறைப்பான இயற்கை மயிர்த் தூரிகையால் வட்டமாகவும் எல்லாத் திசைகளிலிருந்தும் தேய்த்தால் அது இதழ்களுக்கு அடியில் புகுந்து நிரம்புகிறது. பின்னர் மரக்குச்சியால் இதழ்களைக் கண்ணாடியோடு அழுத்தி, உலர்ந்த சாக் பவுடரைத் தூவித் துலக்கினால் மிகுதி எண்ணெய் நீங்கிவிடும். மறுநாள் கூராக்கிய மூங்கில் குச்சியால் ஓரங்களைச் சுரண்ட வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான். மறுபக்கத்துக்கும் இதே வரிசை.

எண்ணெய் நீர்போல் ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்தே இறுகுகிறது. எனவே பலகையை ஒரு வாரமாவது கிடையாக விட்டுவைத்தேன். அந்த இறுக்கம் நீரைத் தடுப்பதோடு நிற்காமல் பலகைக்கு விறைப்பையும் தருகிறது. மழைக்காலம் முடிந்தபோது இந்தப் பலகையில் ஒழுக்கும் இல்லை, சலசலப்பும் இல்லை. கரி கலந்திருந்ததால் பட்டையும் சீராகக் கறுத்திருந்தது. எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் உள்ளே வெப்பம் சேர்ந்து தாமாகவே தீப்பற்றக்கூடும் என்பதால் அவற்றை விரித்துக் காயவைப்பதோ நீரில் அமிழ்த்துவதோ கட்டாயம்.

டப்பாவில் அடைத்து விற்கும் ஆயத்தக் கலவையும் அடிப்படையில் இதே பொருள்தான். வெளிநாட்டிலிருந்து தருவித்த டப்பாவில் எண்ணெய் மேலே மிதந்து தூள் அடியில் கெட்டித்திருந்ததால், கலக்குவதற்கே அரைமணி நேரம் போயிற்று. முடிவில் குறையில்லை. ஆனால் பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும் நான்கு பொருள்களுக்காக அவ்வளவு விலை கொடுக்க எனக்கு மனமில்லை.

மூன்றாவது, நம் தச்சர்கள் மக்கு என்று சொல்லும் கெட்டியான பசை. சாக் பவுடரும் லின்சீட் எண்ணெயும் சேர்ந்த இதைக் கட்டைவிரலால் இதழ் இடுக்கில் அழுத்திச் செல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் வண்ணக் கண்ணாடிகள் பெரும்பாலும் காரீயத்தில் அல்லாமல் மரச்சட்டத்தில் நிற்பவை என்பதால், நம் ஊரில் மக்கு பெரும்பாலும் மரத்துக்கே பழகிய பொருள். காரீயத்தில் இது மெதுவாகவே நடக்கிறது. ஓரடிப் பலகைக்கு ஒரு முழு மாலை ஆயிற்று, இரண்டு மூலைகளில் நீரும் கசிந்தது. ஆயினும், தீட்டிய ஓவியம் உதிரும் நிலையிலுள்ள பழைய கண்ணாடிக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் தூரிகையின் தேய்ப்பு அந்த ஓவியத்தையே துடைத்துவிடக்கூடும்.

நான்காவதான சிலிக்கோன் குழாய்தான் என்னை ஏமாற்றியது. காடி மணம் வீசும் வகை இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டுக் காரீயத்தை அரித்து வெண்பொடி படியச் செய்யும் என்பது தெரிந்திருந்ததால், நடுநிலை வகையையே வாங்கினேன். அது இதழ்களின் அடியில் ஆழமாகப் புகாமல் ஓரத்தில் வரம்புபோல் நின்றது. கண்ணாடியில் பட்ட இடங்களைப் பிளேடால் சுரண்ட வேண்டியிருந்தது. மழைக்கு ஒழுகவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் காற்றில் சட்டம் சாய்ந்து ஒரு சிவப்புத் துண்டு விரிசல் விட்டபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. எண்ணெய்க் கலவையாக இருந்திருந்தால் இடுக்கைச் சுரண்டி, இதழை நிமிர்த்தி, புதுத் துண்டைச் செருகியிருக்கலாம். சிலிக்கோனோ ரப்பராக இழுபட்டு அறுந்து, விடாமல் ஒட்டியிருந்த படலத்தின் மேல் புதுக் கலவையையும் பிடிக்கவிடவில்லை. கடைசியில் அந்த ஒரு துண்டுக்காகச் சுற்றியிருந்த பட்டைகளை வெட்டியெடுத்து, பலகையில் பாதியைப் புதிதாகக் கோத்தேன். இம்முறை கலவை, வாளியில் நானே கலந்தது.