நீர்மோரா, பானகமா, இளநீரா?

ராம நவமி அன்று எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு பாத்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் பானகம், இன்னொன்றில் நீர்மோர். சின்ன வயதில் அவசரப்பட்டு, பானகம் குடித்த டம்ளரைக் கழுவாமலே மோரை வாங்கிக் குடித்திருக்கிறேன். அந்தத் திரிந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் இரண்டையும் சேர்த்து வைத்தவர்கள் எதற்காக வைத்தார்கள், இரண்டில் எது உண்மையில் உடம்பைக் குளிர்விக்கும் என்ற கேள்வி ரொம்ப நாளாக உண்டு. தெருமுனை இளநீரையும் போட்டியில் சேர்த்துக்கொள்வோம்.

முதலில் மோர். கோடைக்கு மோரை விட்டால் வேறென்ன என்பதுதான் நம் ஊர் நினைப்பு. ஆனால் ஆயுர்வேத நூல்களைத் திறந்தால் ஒரு அதிர்ச்சி இருக்கிறது. பழைய ஆயுர்வேத ஆசிரியரான சரகர் கோடையில் தயிரே ஆகாது என்கிறார். தயிர் தொடச் சில்லென்று இருந்தாலும் உடம்புக்குள் போனால் சூடு என்பது அவர் கணக்கு. அதோடு விடவில்லை. வெயில் காலத்திலும், மயக்கம், தலைசுற்றல், உடம்பெரிச்சல் உள்ளவர்களுக்கும் மோர் கொடுக்காதே என்று இன்னொரு ஆசிரியரான சுசுருதர் எழுதியிருக்கிறார். அப்படியானால் சித்திரைத் திருவிழாவில் மதுரைத் தெருவெல்லாம் பந்தல் போட்டு மோர் ஊற்றுகிறோமே, அது தப்பா?

தப்பில்லை. சுசுருதர் 'தக்ரம்' என்று சொல்வது நம் நீர்மோர் இல்லை. தயிரில் பாதியளவு தண்ணீர் விட்டுக் கடைந்து, வெண்ணெயை எடுத்தபின் மிஞ்சும், ரொம்பக் கெட்டியும் இல்லாத ரொம்ப நீர்த்தும் போகாத மோர் அது. நூல்கள் மோரை வகை வகையாகப் பிரிக்கின்றன. தண்ணீரே விடாமல் கடைந்தது, கால் பங்கு விட்டது, அரைப் பங்கு விட்டது என்று போய், கடைசியில் 'சச்சிகா' என்று ஒன்று வருகிறது. வெண்ணெய் முழுக்க எடுத்து, தண்ணீரைத் தாராளமாக ஊற்றித் தெளிய விட்டது. பதினாறாம் நூற்றாண்டின் ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசம் இதைக் குளிர்ச்சி, லேசு, களைப்பையும் தாகத்தையும் போக்கும் என்கிறது. உப்புச் சேர்த்தால் பசியைத் தூண்டும் என்றும் ஒரு வரி. இதுதானே நம் நீர்மோர்! 'நீர் சுருக்கி, மோர் பெருக்கி' என்று நம் சித்த மரபில் சொல்வதும் இந்தப் பெருக்குதலைத்தான்.

ஆக மோரில் சண்டை எல்லாம் தண்ணீரிலும் வெண்ணெயிலும்தான். மிக்ஸியில் ஒரு கரண்டி கெட்டித் தயிரைப் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் விட்டு ஒரு சுற்று சுற்றி, ஐஸ் போட்டு நீட்டினால் அது நீர்மோர் ஆகாது. வெண்ணெய் அப்படியே உள்ளே நிற்கிறது. நான் ஒரு கப் தயிருக்கு ஐந்து கப் தண்ணீர் விடுகிறேன். காலை உறை ஊற்றி மதியத்துக்குள் தோய்ந்த, புளிக்காத தயிர். மத்தால் கடைந்தால் மேலே வெண்ணெய் திரளும். அதை விரலால் வழித்தெடுத்துவிட்டு இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. பச்சை மிளகாயை நான் விட்டுவிட்டேன். கோடையில் காரம், புளிப்பு, உப்பு மூன்றையும் குறை என்பதுதான் ஆயுர்வேத ஆசிரியர் வாக்படர் சொன்னது. உப்பை மட்டும் முழுக்க விட மனசு வரவில்லை. வியர்வையில் போவது அதுதானே.

அடுத்து பானகம். நூலாதரவு என்று பார்த்தால் இதற்குத்தான் முதல் மார்க். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் கோடைக்கான பகுதியிலேயே பானகம் வருகிறது. புது மண்பாத்திரத்தில் ஊற்றி வைத்துக் குளிர்ந்த பிறகு குடி என்கிறார். அவருடையது பழங்களால் ஆனது. நம்முடையது வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை, விருப்பப்பட்டால் ஒரு துளி பச்சைக் கற்பூரம். ஆந்திராவில் மங்களகிரி நரசிம்மருக்கு நாள் தவறாமல் பானகம்தான் நைவேத்தியம்.

சுக்கு சூடாச்சே, கோடை பானத்தில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கோடையில் பித்தம் ஏறும் என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். நூல்களின் கணக்கில் அந்தப் பருவத்தில் சேர்வது வாதம், பித்தம் மழைக்காலத்தில் சேர்ந்து அதற்குப் பின்பு சீறும். கோடையில் குறைவது பலமும் பசித்தீயும். அந்த மந்த வயிற்றில் வெறும் இனிப்புத் தண்ணீரைக் கொட்டினால் தேங்கும். சுக்கு அதற்குத்தான்.

பானகத்தின் குறை தித்திப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் உப்பு-சர்க்கரைக் கரைசலில் ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம். வீட்டில் ஒரு லிட்டருக்கு நாங்கள் போட்ட வெல்லத்தைத் தராசில் வைத்தபோது 110 கிராம் காட்டியது! அது தாகத்துக்குக் குடிப்பதில்லை, பாயசத்துக்குத் தம்பி. இப்போது முப்பது கிராமுக்கு மேல் போடுவதில்லை, ஒரு சிட்டிகை உப்பும் உண்டு. வீட்டுப் பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை, சாமிக்குப் படைக்கிற அன்று பழைய அளவுதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் குறைத்த அளவும் வேண்டாம், மோரே போதும்.

இளநீரில் நாம் செய்ய ஒன்றுமில்லை, சீவிக் குடிக்க வேண்டியதுதான். அதுதான் அதன் பலம். தண்ணீர் சுத்தமா, டம்ளர் சுத்தமா என்ற கவலை கிடையாது; பயணத்தில் மோரையும் பானகத்தையும் நான் நம்புவதில்லை, இளநீரை நம்புவேன். ஆயுர்வேதம் இதைச் சந்தேகமில்லாமல் குளிர்ச்சி என்கிறது. ஆனால் இதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. நாள் முழுக்க வயலிலோ கட்டட வேலையிலோ வியர்த்தவருக்கு இளநீர் மட்டும் போதாது, உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. விலையும் ஒரு வீட்டில் நாலு பேர் தினமும் குடிக்கிற மாதிரி இல்லை.

என் தீர்ப்பு: மதியச் சாப்பாட்டோடு நீர்மோர். வெயிலில் அலைந்துவிட்டுக் காலி வயிற்றோடு வருகிற பதினோரு மணிக்கு, வெல்லம் குறைத்த பானகம். வெளியூரில் இளநீர். தினசரிக்கு ஒன்றே ஒன்றுதான் என்றால் மோரைத்தான் எடுப்பேன்.

வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீரைப் பற்றியும் கேட்பீர்கள். வேலூர், மதுரை மாதிரி காய்ந்த வெயிலில் பானை நன்றாகக் குளிரும். சென்னையில் காற்றே ஈரமாக இருப்பதால் பானையின் மேல் நீர் ஆவியாவது குறைவு, அவ்வளவாகச் சில்லிடாது.

ஒரு எச்சரிக்கை. வெயிலில் விழுந்தவர் உளறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ மோர், பானகம் என்று வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலுக்குத் தூக்கி, உடம்பை ஈரமாக்கி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சாயங்காலம் மிஞ்சிய மோர் புளித்துப் போயிருக்கும். அதைக் குடித்துத் தீர்க்கிற பழக்கம் முன்பு எனக்கும் இருந்தது. இப்போது இன்னும் கொஞ்சம் தண்ணீர் கலந்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுகிறேன். செடி நன்றாகத்தான் தழைக்கிறது.