காபன் ஷாஃப்ட்டா, மேப்பிளா? கொழும்பில் ஆடுகிறவர் காசு கொடுக்கமுன் பார்க்க வேண்டியவை

வெள்ளவத்தையானாலும் கொட்டாஞ்சேனையானாலும், பூல் மேசையைச் சுற்றி நாலு பேர் நின்றால், கியூவின் முன்பாதியான ஷாஃப்ட் காபன் ஃபைபரா, மேப்பிள் மரமா என்ற கதை வராமல் போகாது. கறுப்புக் காபன் ஷாஃப்ட் வைத்திருப்பவர் இனி மரத்தைத் தொடவே மாட்டேன் என்பார். மேப்பிள்காரர் அதை உயிரில்லாத குழாய் என்பார். முதலாமவர் பவரையும் ஸ்பின்னையும் புகழுவார், மற்றவர் பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களை அடுக்குவார். எங்கள் கணிப்பு இரண்டிலும் சேராது. கொழும்பில் காபனுக்குக் காசு கொடுக்க வலுவான காரணம் ஒன்றுதான்: இந்த ஊர்க் காற்றின் ஈரம். மற்றப் பெருமைகளில் பெரும்பகுதி நல்ல மர ஷாஃப்ட்டிலும் கிடைக்கும்.

முதலில் டிஃப்லெக்ஷன், ஏனென்றால் விற்கிறவர்கள் முதலில் சொல்வதும் அதைத்தான். வெள்ளைப் பந்தின் நடுவை விட்டு விலத்தி, சைட், அதாவது பக்கச் சுழற்சி, போட்டு அடிக்கும்போது பந்து கியூ போன திசையில் போகாமல் எதிர்ப்பக்கம் சற்று விலகிப் போகும். அந்த விலகல்தான் டிஃப்லெக்ஷன். ஷாஃப்ட் நுனியில் உள்ள தோல் டிப் பந்தில் ஒட்டியிருப்பது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு. அந்த நேரத்துக்குள் ஷாஃப்ட்டின் நுனியில் உள்ள சில அங்குலங்களின் எடை மட்டுமே பந்தைப் பக்கவாட்டில் தள்ள முடியும். அந்த நுனி இலேசாக இருந்தால் ஷாஃப்ட் விலகிக் கொடுக்கும், பந்து குறைவாக விலகும். ஷாஃப்ட் விறைப்பா, வளையுமா என்பதற்கு இதில் பெரிய பங்கில்லை. காபன் உள்ளே வெறுங்குழாயாகவோ ஃபோம் நிரப்பியோ வருவதால் நுனி இலேசாகிறது, அவ்வளவுதான்.

இதை மரத்திலேயே செய்து காட்டியாயிற்று. பிரிடேட்டர் என்ற கியூக் கொம்பனி 1990களிலேயே 314 ஷாஃப்ட்டில் மேப்பிளைத் துண்டுகளாக்கி ஒட்டி, நுனியைக் குடைந்து எடையைக் குறைத்தது. அதே கொம்பனி ரெவோ என்ற காபன் ஷாஃப்ட்டைக் கொண்டுவந்தது 2016இல். அதற்குப் பின்னால் கியூடெக் சினெர்ஜி, மெஸ் இக்னைட், மக்டெர்மட் டிஃபை என்று வரிசை நீண்டது. சாதாரண 13 மில்லிமீற்றர் மேப்பிளில் இருந்து ரெவோவுக்குப் போகிறவருக்கு வித்தியாசம் மலைபோலத் தெரியும். 314 வகை மர ஷாஃப்ட்டில் இருந்து போகிறவருக்கு அவ்வளவு தெரியாது. மேசையடியில் நடக்கும் சண்டைகளில் பாதி, யார் எதிலிருந்து மாறினார் என்பதைச் சொல்லாமல் பேசுவதால் வருகிறது.

மாறினால் என்ன நடக்கும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். விலகல் ஒரு பாகை குறைந்தால், ஒன்றரை மீற்றர் தூரத்தில் வெள்ளைப் பந்து போய்ச் சேரும் இடம் 26 மில்லிமீற்றர் மாறும். பூல் பந்தின் விட்டம் 57 மில்லிமீற்றர். அதாவது கிட்டத்தட்ட அரைப் பந்து. வருடக்கணக்காகக் கை தானாகச் செய்துவந்த திருத்தம் முழுக்க அதிகமாகிவிடும். சைட் இல்லாத அடிகள் முதல் நாளே விழும், சைட் போட்ட நீள அடிகள் சில கிழமைகளுக்குத் தப்பும். போட்டிக்கு முதல் கிழமை ஷாஃப்ட் மாற்றுவது புத்தியில்லை.

கொழும்பு மேசைகளில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. பல இடங்களில் துணி பழசு, தடிப்பு, மழைக் காலத்தில் ஈரம் பிடித்துப் பந்தை இழுத்து வைக்கிறது. இப்படியான துணியில் சைட் போட்ட பந்து மெதுவாகப் போகும்போது வளைவு சீக்கிரம் வந்துவிடும். சாதாரண மேப்பிளில், பந்து முதலில் ஒரு பக்கம் விலகும், பிறகு வளைந்து திரும்பும். இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று அழித்துவிடும். காபனில் முதல் விலகல் குறைவு, வளைவு அப்படியேதான் இருக்கிறது. ஆகவே மெதுவான நீள அடியில் பந்து குறியைத் தாண்டி மறுபக்கம் போகிறது. "காபன் சரியில்லை, பந்து மாறித் திரும்புது" என்று கேட்கும் முறைப்பாடு பெரும்பாலும் இதுதான். மருந்து எளிது: கியூவின் பின்பாதியான பட்டைத் தாழ்த்தி, கியூவை முடிந்தளவு மட்டமாகப் பிடியுங்கள், மெதுவான அடியில் சைட்டைக் குறையுங்கள். ஸ்னூக்கரில் இருந்து வருகிறவர்களுக்குப் பட் உயர்த்தும் பழக்கம் இருந்தால் இங்கே உடனே பிடிபடும்.

பவர், ஸ்பின் கதைக்கு வருவோம். பந்தின் வேகத்தைத் தீர்மானிப்பது கியூவின் மொத்த எடை, கையின் வேகம், டிப்பின் தன்மை. ஸ்பின் எவ்வளவு என்பது நடுவில் இருந்து எவ்வளவு விலத்தி அடித்தீர்கள் என்பதில் இருக்கிறது. 13இல் இருந்து 11.8க்கு இறங்கியவர் தன்னை அறியாமலே இன்னும் ஓரத்தில் அடிக்கிறார், ஸ்பின் கூடுகிறது, புகழ் காபனுக்குப் போகிறது. ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடிக்கு வைத்திருக்கும் பிரேக் கியூ வேறு விடயம். அங்கே கடுமையாக அடித்தாலும் பள்ளம் விழாத, நெளியாத ஷாஃப்ட் இருப்பது உண்மையிலேயே நல்லது.

சத்தமும் கைக்கு வரும் உணர்வும் ரசனை சார்ந்தவை. வெறுங்குழாய் 'டிங்' என்று ஒலிக்கும், ஃபோம் நிரப்பியது அடங்கிய 'டக்'. மேப்பிளில் அடியின் தரம் கைக்கு வந்துவிடும், ஓரத்தில் பட்டால் உடனே தெரியும். காபனில் நல்ல அடிக்கும் சுமாரான அடிக்கும் கை ஒரே பதிலைச் சொல்லுகிற மாதிரி இருக்கும் என்பது பழைய ஆட்டக்காரர்களின் குறை. அது நியாயமான குறைதான். 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்ற லாபிரின் நாட்டில் மரக் கியூவுக்கு மரியாதை குறையப் போவதும் இல்லை. ஆனால் அமெரிக்காவின் முன்னணி பூல் ஆட்டக்காரர் ஷேன் வான் போனிங் காபன் சினெர்ஜியோடு ஆடுகிற காலத்தில், காபனில் உணர்வு வராது என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது.

இப்போது ஈரம். கொழும்பில் வெளிக்காற்றின் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 70 வீதத்துக்கு மேல், விடியற்புறம் இன்னும் கூட. கிளப்புக்குள் ஏசி ஓடினால் அதைவிட நன்றாகக் குறைவு. மேப்பிள் ஒவ்வொரு நாளும் இந்த இரண்டுக்கும் நடுவில் போய்வருகிறது. ஈரத்தை எடுத்து ஊதும், விட்டுச் சுருங்கும். நாலு பக்கமும் ஒரே அளவில் நடந்தால் பிரச்சினை இல்லை. ஒரு பக்கம் சுவரில் சாய்ந்து, மறுபக்கம் ஏசிக் காற்றைப் பார்த்து நின்றால் ஷாஃப்ட் வளையும். டிப் கழன்ற நிலையில் நாட்கணக்காக வைத்தால் திறந்திருக்கும் நுனி வழியாக ஈரம் ஏறும். காபன் இதில் எதையும் கண்டுகொள்ளாது. கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்கள் ஷாஃப்ட்டும் பட்டும் பூட்டும் ஜொயின்ட்டில் உள்ள உருக்குப் பின்னை மட்டும் துடைத்து வைத்தால் போதும். தோல் டிப் இரண்டிலும் ஒன்றுதான், ஈரத்தில் மென்மையாகி ஓரம் பிதுங்கும். காபன் வாங்கினால் அதிலிருந்து தப்பலாம் என்று நினைக்க வேண்டாம்.

மரத்தைக் காப்பாற்ற முடியாது என்றில்லை. மூடி இறுக்கமான கேஸ், உள்ளே இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பைகள், கேஸை நிமிர்த்தி வைத்தல், காரின் டிக்கியில் விடாமை. சின்னப் பள்ளம் விழுந்தால் அதன்மேல் நனைத்த டிஷூத் துண்டை ஐந்து நிமிடம் வைத்து, வெந்நீர் ஊற்றிய கரண்டியின் அடியால் மெதுவாக அழுத்தினால் நார் ஊதி மேலே வரும். நன்றாகக் காய்ந்த பிறகு 2000 இலக்க சாண்ட்பேப்பரால் இரண்டு தேய், பிறகு தோல் துண்டால் சூடேறும்வரை தேய்த்து நார்களை மூட வேண்டும். ஒவ்வொரு கிழமையும் சாண்ட்பேப்பர் போடுகிறவரின் 13 மில்லிமீற்றர் ஷாஃப்ட் மெதுவாக 12.7 ஆகிவிடும். மரத்தைக் கொல்வது ஈரத்தைவிட இந்தப் பழக்கம்தான்.

வியர்வைக் கைக்குக் காபன் வழுக்கும் என்பது பாதி உண்மை. சுத்தமாக இருக்கும்வரை வழுக்கும், சோக்கும் வியர்வையும் படிந்தால் மரத்தைப் போலவே பிடிக்கும். ஆட்டத்துக்கு நடுவில் மைக்ரோஃபைபர் துணி, ஆட்டம் முடிந்து ஐசோபுரோப்பைல் அற்ககோல். பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று கேட்டு வாங்கினால் கவனம்: சில வகைகளில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருக்கும், துடைத்த பின் மெல்லிய படலம் நின்று இன்னும் மோசமாக ஒட்டும். துணியை நனைத்துத் துடையுங்கள், ஷாஃப்ட்டில் ஊற்ற வேண்டாம், டிப்பின் அடியில் ஒரு அங்குலம் விட்டுவிடுங்கள். டல்கம் பவுடரை விட்டுவிட்டு மூன்று விரல் கையுறை போடுங்கள்; மேசைத் துணியும் தப்பும், கிளப்காரரின் முகமும் மாறாது.

டிப் மாற்றுவதில்தான் காபன் ஷாஃப்ட்டுகள் நாசமாகின்றன. மேப்பிளில் டிப்புக்குக் கீழே உள்ள வளையமான ஃபெரூலைக் கொஞ்சம் தேய்த்துவிட்டாலும் ஆட்டம் நடக்கும். காபன் நுனியின் விளிம்பை பிளேட்டோ கரடுமுரடான சாண்ட்பேப்பரோ கடித்தால் இழைகள் பிரியத் தொடங்கும், பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை. வேலையை லேத் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். டிப்பின் அடிவரை மாஸ்க்கிங் டேப் சுற்றச் சொல்லுங்கள். பழைய டிப்பை வெட்டி, அடித்தட்டைச் சிராய்க்காமல் சமப்படுத்தி, ஜெல் வகை சூப்பர்குளூவை மெல்லியதாகத் தடவினால் போதும். தண்ணியான பசை உள்ளே ஓடிப் போய் எடையையும் சத்தத்தையும் மாற்றும். டிப்பின் பக்கத்தைச் சீவும்போது ஷாஃப்ட்டைத் தொடாமல் ஒரு மயிரிழை விட்டு நிறுத்த வேண்டும். காபன் தூசி மூச்சுக்குள் போகக் கூடாது, முகக்கவசம் கட்டாயம். டிப்பின் வளைவு 9 முதல் 10.5 மில்லிமீற்றர் ஆரைக்குள் இருந்தால் இரண்டு வகை ஷாஃப்ட்டுக்கும் சரி. 'நானே வீட்டில் போடுவேன்' என்பவருக்கு மரம்தான் பொருத்தம்.

வாங்கும்போது கொம்பனிப் பெயருக்கு முன்னால் நுனியின் மில்லிமீற்றர் அளவைப் பாருங்கள். ரெவோ 11.8, 12.4, 12.9 என்று வருகிறது, சினெர்ஜி 10.5, 11.8, 12.5, இக்னைட் 12.2, டிஃபை 12, 12.5. ஸ்னூக்கர் கை உள்ளவருக்கு 11.8 அல்லது 10.5, சுட்டுவிரலை ஷாஃப்ட்டைச் சுற்றி வளைத்து மூடிய பிரிட்ஜ் போட்டு ஆடுகிறவருக்கு 12.4க்கு மேல். வேர்னியர் ஒன்றைக் கொண்டுபோய் நுனியிலும், பத்து அங்குலம் கீழேயும் அளந்தால் டேப்பர், அதாவது தடிப்பு ஏறும் விதம், தெரிந்துவிடும். இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒன்றானால் புரோ டேப்பர், விரலுக்குள் ஒரே சீராக ஓடும்.

அடுத்தது ஜொயின்ட். ஷாஃப்ட்டை வெளியூரில் இருந்து எடுப்பிக்கும்போது அதிகம் பிழைப்பது இங்கேதான். பின்னின் மேல் அங்குல அளவுகோலை வைத்து, ஒரு அங்குலத்துக்குள் எத்தனை மரை என்று எண்ணிப் படம் எடுங்கள். 3/8 அங்குலப் பின்னில் 10 மரையும் 11 மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். 5/16இல் 14, 18 என்று இரண்டு உண்டு. மரைப் பள்ளம் வட்டமாக இருந்தால் அது ரேடியல். இரண்டு சுற்று உள்ளே போய் இறுகினால் உடனே நிறுத்துங்கள். பலவந்தப்படுத்தினால் உள்ளே ஒட்டிய உலோகத் துண்டு கழரும், பிறகு அடிக்குள் ஒரு ரீங்காரம் வரும். அந்தச் சத்தம் கேட்கிற பழைய காபன் ஷாஃப்ட்டை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

போலிகளும் தாராளம். காபன் நெசவுக் கோடு போட்ட மெல்லிய உறையை மரத்தின்மேல் ஏற்றி விற்கிறார்கள். நெசவு தெரிவது எதற்கும் சாட்சி இல்லை, ரெவோவில் அப்படியான நெசவே தெரியாது, மங்கிய கறுப்பு மட்டும்தான். ஜொயின்ட் பக்கத் துளைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள், விரலால் தட்டிக் கேளுங்கள். விற்கிறவர் "அண்ணே, மேசையில உருட்டிப் பாருங்க, நேரா இருக்கு" என்பார். உருட்டுவதில் டேப்பர் ஏமாற்றும். ஷாஃப்ட்டைத் தனியாகக் கண்ணுக்கு நேரே பிடித்துச் சுழற்றுங்கள், பிறகு உங்கள் சொந்தப் பட்டில் பூட்டிச் சுழற்றுங்கள். தனியே நேராகவும் பூட்டியதும் ஆட்டமாகவும் இருந்தால் குறை ஜொயின்ட் முகத்தில்.

பெரிய கொம்பனி காபன் ஷாஃப்ட் ஒன்று அமெரிக்காவிலேயே 500 டொலரைச் சுற்றி நிற்கிறது, இங்கே வர வரியும் அனுப்பும் கூலியும் ஏறும். கிழமைக்கு மூன்று நாலு தடவை, வெவ்வேறு இடங்களில், ஏசிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் கியூவைத் தூக்கித் திரிகிறவருக்கு அந்தக் காசு சரி. ஏற்கெனவே நேரான, டிஃப்லெக்ஷன் குறைந்த மர ஷாஃப்ட் கையில் உள்ளவர் மாற வேண்டியதில்லை. அந்தக் காசில் ஒரு நல்ல டிப், கேஸ், பிரேக் கியூ மூன்றும் வந்துவிடும். கையில் இருப்பது வளைந்த சாதாரண மேப்பிள் என்றால், மலிவுக் காபனுக்கும் நடுத்தர விலை மர ஷாஃப்ட்டுக்கும் இடையில் யோசியுங்கள். மலிவுக் காபனில் நேர்த்தன்மை பெரும்பாலும் சரியாக வரும், கோளாறு வருவது டிப்பிலும் ஜொயின்ட் ஒட்டிலும்தான். கொம்பனி போட்டு அனுப்பிய டிப்பை முதல் நாளே மாற்றக் காசு ஒதுக்குங்கள்.

லண்டனில் இருந்தோ ரொறன்ரோவில் இருந்தோ யாரும் கொண்டுவருவதென்றால், ஷாஃப்ட்டின் நீளம் 29 அங்குலம், அதாவது 74 சென்ரிமீற்றர் அளவு. விமானத்துக்குள் கையில் கொண்டுவர எல்லா இடத்திலும் விடமாட்டார்கள். பெரிய சூட்கேஸில் குறுக்கே சாய்த்துத்தான் வைக்க வரும், பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, டிப் பக்கம் துணி அடைத்து, ஜொயின்ட் மூடியைப் பூட்டி அனுப்பச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டும் கூடவே வரட்டும், உத்தரவாதம் கேட்பதற்கும் சுங்கத்தில் கேட்டால் காட்டுவதற்கும் அது வேண்டும்.