எம்கெம் படிப்பு: கொடுத்த காசு நான்காம் வருடத்துக்குத்தான்

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். நான்காம் வருடத்துக்கு மட்டும் தனியாகப் போடச் சொன்னால் நாலரை போடுவேன், இரண்டாம் வருடத்துக்கு இரண்டே அதிகம். சராசரி எப்படி வந்தது என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

முதலில் இது என்ன சரக்கு என்று சொல்லிவிடுகிறேன், ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கி விளக்கியே எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது. பிரிட்டனில் வேதியியல் படிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று மூன்று வருட பி.எஸ்சி. இன்னொன்று நேரே நான்கு வருட எம்கெம் (MChem, அதாவது மாஸ்டர் ஆஃப் கெமிஸ்ட்ரி), சில பல்கலைக்கழகங்களில் அதற்கே எம்சை (MSci) என்று பெயர், ஸ்காட்லாந்தில் ஐந்து வருடம். பள்ளி முடித்த கையோடு இளநிலை மாணவியாகச் சேர்ந்து முதுநிலைப் பட்டத்தோடு வெளியே வரலாம். நடுவில் பி.எஸ்சி என்று தனிச் சான்றிதழ் எதுவும் கையில் தர மாட்டார்கள். இது என் பெரியம்மாவுக்கு இன்றுவரை சமாதானம் ஆகவில்லை. "எம்.எஸ்சி வாங்கினால் அதற்கு முன்னால் ஒரு பி.எஸ்சி இருக்க வேண்டுமே, அது எங்கேடி?" என்று ஒவ்வொரு முறை போனில் பேசும்போதும் கேட்பார். அவர் மகள் ஊரில் மூன்று வருடம் பி.எஸ்சி, இரண்டு வருடம் எம்.எஸ்சி என்று முறையாக ஐந்து வருடம் படித்தவள், இரண்டு சான்றிதழையும் லேமினேட் செய்து வைத்திருக்கிறாள். நான் ஒரு வருடத்தை எங்கேயோ ஏமாற்றிவிட்டேன் என்பது பெரியம்மாவின் சந்தேகம். முழுக்கத் தவறான சந்தேகம் என்றும் சொல்ல முடியாது. இங்கே தனி எம்.எஸ்சி என்றால் 180 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு), கோடையும் சேர்த்து முழு வருடம். எம்கெமின் கடைசி வருடம் 120 கிரெடிட்தான், ஜூனில் முடிந்துவிடும்.

காசு விஷயம். அப்பாவின் வேலைக்காக நான் ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே இங்கே வந்துவிட்டதால் எனக்கு அரசு உச்சவரம்பு போட்ட உள்நாட்டு மாணவர் கட்டணம். நான் சேர்ந்த 2020-ல் வருடத்துக்கு 9,250 பவுண்டு, நான்கு வருடத்துக்கு 37,000. 2025-ல் அது வருடத்துக்கு 9,535 ஆகிவிட்டது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரே வருகிறவர்களுக்கு இந்த உச்சவரம்பு கிடையாது, ஆய்வகப் பாடம் என்பதால் மூன்று மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேலே போகும், அந்தக் கணக்கில் என்னுடைய நட்சத்திரங்கள் செல்லாது. கடன் வாங்கிப் படிக்கும் உள்நாட்டு மாணவர்களுக்கு எம்கெமின் நிஜமான லாபம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் விளம்பரத்தில் உரக்கச் சொல்வதில்லை: நான்கு வருடமும் இளநிலைக் கடனிலேயே அடங்கிவிடும், சாப்பாடு வாடகைக்கான கடனும் சேர்த்து. பி.எஸ்சி முடித்துவிட்டுத் தனியாக எம்.எஸ்சி போனால் முதுநிலைக் கடன் என்று மொத்தமே (2025 கணக்கில்) பன்னிரண்டாயிரம் பவுண்டு சொச்சம்தான் தருவார்கள், கட்டணமும் வயிற்றுப்பாடும் அதற்குள்ளேயே, பல இடங்களில் கட்டணத்துக்கே போதாது. அதைத் திருப்பிக் கட்டுவதும் பழைய கடனுக்கு மேலே தனிப் பிடித்தம். ஆனால் ஒரு கதவு மூடிவிடும். எம்கெம் முடித்தவருக்கு அப்புறம் அந்த முதுநிலைக் கடன் கிடைக்காது, ஏற்கெனவே முதுநிலை வாங்கியாயிற்று என்பார்கள். இன்னொரு துறையில் எம்.எஸ்சி செய்யலாம் என்று எண்ணம் இருந்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பி.எஸ்சி மாணவர்களும் நாங்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்து ஒரே விரிவுரையைக் கேட்டோம். முதல் வருடம் ஏ லெவலின், அதாவது இங்கத்திய பள்ளி இறுதிப் படிப்பின், நீட்சி. இரண்டாம் வருடம் குவாண்டமும் புள்ளியியல் வெப்ப இயக்கவியலும் சமச்சீர்க் குழுக்களும் ஒரே பருவத்தில் வந்து இறங்கும், கணக்கு பலமாக இல்லாதவர்கள் அங்கேதான் விழுவார்கள், விழுந்தால் அதற்கு விலையும் உண்டு, ஏனென்றால் எங்கள் துறையில் இரண்டாம் வருடச் சராசரி 60-ஐத் தொடாவிட்டால் எம்கெமிலிருந்து பி.எஸ்சிக்கு இறக்கிவிடுவார்கள். எங்கள் வகுப்பில் சிலரை அப்படி இறக்கினார்கள், அதில் ஒருத்தி என் அறைத்தோழி. அவள் கதை கீழே வரும்.

நான் சேர்ந்தது கோவிட் வருடம். அந்த இலையுதிர் பருவத்தில் எங்களுக்கு ஆய்வகம் என்பது பாதி நாள் வீடியோ. யாரோ ஒருவர் டைட்ரேஷன் செய்வதைப் படுக்கையில் சாய்ந்தபடி பார்ப்போம், அளவுகளை அவர்களே கொடுத்துவிடுவார்கள், நாங்கள் பிழைக்கணக்கு மட்டும் போட்டு அனுப்புவோம். இதன் பலன் இரண்டாம் வருடத்தில் தெரிந்தது. ஒன்றோடொன்று கலக்காத திரவங்களைப் பிரிக்கும் கண்ணாடிப் பிரிபுனலைக் கையில் கொடுத்தார்கள். குழாயைத் திறந்தேன், திரவம் இறங்கவே இல்லை. அடைத்துவிட்டது போல என்று குலுக்கிக்கொண்டு நின்றேன், பக்கத்தில் வந்த ஆய்வக உதவியாளர் எதுவும் பேசாமல் மேல்மூடியைக் கழற்றிவிட்டுப் போனார். சரசரவென்று இறங்கியது. காற்று உள்ளே போகாமல் திரவம் எப்படி வெளியே வரும், பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் கைக்குத் தெரியவில்லை. முழுக்கட்டணம் வாங்கிக்கொண்டு வீடியோ காட்டிய அந்தப் பருவத்துக்காக ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்.

இப்போது நான்காம் வருடம். பெரும்பாலான இடங்களில் இது பாதி விரிவுரை, பாதி ஆய்வு. ஆக்ஸ்ஃபோர்டில் முழு வருடமும் ஆய்வுதான். ஒரு பேராசிரியரின் குழுவில் சேர்த்து, ஃப்யூம் ஹூட் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வக அடைப்பு) ஒன்றில் இடம் கொடுத்து, யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியைக் கையில் தருவார்கள். அதுவரை செய்த எல்லாப் பரிசோதனைகளுக்கும் விடை யாரிடமாவது இருந்தது, சரியாக வராவிட்டால் தவறு நம்முடையது. இங்கே வராவிட்டால் தவறு யாருடையது என்பதே ஆராய்ச்சி. பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அது வேறு கஷ்டம். என் வாயில் 'சார்' என்றுதான் வரும், அதை அடக்கினால் எதுவுமே வராது, முதல் மாதம் முழுக்க அவரை எந்தப் பெயராலும் கூப்பிடாமல் இருமியே கவனத்தைத் திருப்பினேன்.

எனக்குக் கிடைத்தது இரிடியம் சேர்மங்கள், கைபேசித் திரைகளில் ஒளிரும் வகை. முதலில் நைட்ரஜன் உள்ள பிரிடின் வளையத்தோடு ஒரு ஃபீனைல் வளையத்தைச் சேர்த்து லிகண்ட், அதாவது உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு, செய்ய வேண்டும். போரான் உள்ள துண்டையும் புரோமின் உள்ள துண்டையும் பல்லேடியத்தை வைத்து இணைக்கும் சுசுகி வினை, 2010-ல் நோபல் வாங்கிய வினை, மூன்றாம் வருடத் தேர்வில் அதன் சுழற்சியை நான் கண்ணை மூடிக்கொண்டு வரைந்திருக்கிறேன். திட்டத் தாளில் போரான் பிரிடின் பக்கம், புரோமின் ஃபீனைல் பக்கம் என்று இருந்தது. செய்தேன். சிலிக்கா நிரப்பிய குழாய் வழியே கரைப்பானை ஊற்றி, காலம் குரோமட்டோகிராபியில் பிரித்தேன். (இந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் காலம் என்றே வருகிறது, 'காலம் ஓட்டினேன்' என்று அம்மாவிடம் சொன்னால் அவர் வேறு மாதிரிப் புரிந்துகொள்கிறார், இரண்டும் ஒன்றுதான்.) என்எம்ஆர் (குப்பியில் என்னென்ன மூலக்கூறு இருக்கிறது என்று உச்சிகளாகக் காட்டும் சோதனை) எடுத்துப் பார்த்தால் 7.26-ல் குளோரோஃபார்ம். 2.05-ல் ஒற்றை உச்சி, 4.12-ல் நான்காகப் பிளந்தது, 1.26-ல் மூன்றாகப் பிளந்தது: எத்தில் அசிட்டேட், அதாவது நானே ஊற்றிய கரைப்பான். 0.07-ல் கண்ணாடி மூட்டில் தடவிய சிலிக்கோன் கிரீஸ். என் பொருள் இருக்க வேண்டிய இடத்தில் புல்கூட முளைக்கவில்லை. வெப்பத்தை மாற்றினேன், காரத்தை மாற்றினேன், கரைப்பானை மாற்றினேன். ஆறு வாரம்.

இந்த ஆறு வாரத்தில் பேராசிரியரை நான் பார்த்தது இரண்டு முறை, அதுவும் நடைபாதையில். ஏழாம் வாரம் பக்கத்து ஹூட்டில் வேலை செய்த பிஎச்டி மாணவர் ஒருவர் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "2-பிரிடில் போரானிக் அமிலமா? அது வினையில் சேருவதற்கு முன்னாலேயே உடைந்துவிடுமே, எல்லோருக்கும் தெரியுமே" என்றார். நைட்ரஜனுக்குப் பக்கத்துக் கார்பனில் போரானை வைத்தால் அது நிற்காது, கழன்று அங்கே ஒரு ஹைட்ரஜன் வந்து உட்கார்ந்துவிடும், இந்தத் தொல்லையைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளே இருக்கின்றன. இரண்டையும் இடம் மாற்று, புரோமினைப் பிரிடினில் வை, போரானை ஃபீனைலில் வை, அவ்வளவுதான் என்றார். பொருள் அடுத்த நாளே வந்தது. சிலிக்காவில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தபோது கரைப்பானில் ஒரு சதவீதம் டிரைஎத்தில்அமீன் என்ற காரம் சேர்க்கச் சொன்னதும் அவர்தான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது, ஆறு வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து தேடிப் படித்திருந்தால் எனக்கே கிடைத்திருக்கும் என்பதும் அந்தக் கோபத்தில் கலந்திருந்தது.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் இரிடியம் சேர்த்த கடைசிப் பொருள் கிடைத்தது, மஞ்சள் பொடி, 43 மில்லிகிராம், கட்டை விரல் நகத்தில் வைத்தால் அடங்கிவிடும். டிஎல்சி தகட்டை (பொருட்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் சிலிக்கா பூசிய தகடு) புறஊதா விளக்கின் கீழே வைத்தேன். மற்றப் புள்ளிகள் எப்போதும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும், இது பச்சையாக எரிந்தது, விளக்கை அணைத்ததும் அதுவும் அணைந்தது. பத்து தடவையாவது போட்டுப் போட்டு அணைத்திருப்பேன். வீட்டில் அந்தப் படத்தைக் காட்டியபோது இரிடியம் தங்கத்தைவிட விலை அதிகம் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன், "அப்படியானால் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாமே" என்றார் அம்மா.

அந்த வருடத்தைத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள், மற்ற மூன்றும் அதற்கான பொட்டலம். பிஎச்டி போக நினைக்கிறவர்களுக்குக் கேள்வியே இல்லை, எம்கெமோடு நேரே சேரலாம், அதைவிட முக்கியமாக இந்த மாதிரி ஏழெட்டு மாதம் தோற்றுக்கொண்டே இருக்க உங்களால் முடியுமா என்பது பிஎச்டிக்கு இன்னொரு நான்கு வருடம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது, முடியாது என்று. நான் போகவில்லை. இப்போது ஒரு பூச்சு நிறுவனத்தின் பகுப்பாய்வு ஆய்வகத்தில் இருக்கிறேன். அறைத்தோழி கதை சொல்கிறேன் என்றேனே: பி.எஸ்சிக்கு இறக்கப்பட்டவள், ஒரு வருடம் முன்னதாகவே வேலைக்குச் சேர்ந்தாள், நான் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த ஆரம்பச் சம்பளம் அவளுடைய அப்போதைய சம்பளத்தைவிடக் குறைவு. எம்கெம் என்ற நான்கு எழுத்துக்கு எங்கள் நிறுவனத்தில் தனி விலை கிடையாது. சார்ட்டர்டு கெமிஸ்ட் என்ற தொழில்முறை அந்தஸ்தைப் பெறுவதற்கான கல்வித் தகுதி ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி அங்கீகரித்த எம்கெமில் நேரே அடங்கிவிடும் என்பது உண்மை, ஆனால் என் மேலாளர் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வேலைக்குத்தான் போகப்போகிறேன் என்று இப்போதே தெரிந்தால் தொழிற்சாலையில் ஒரு வருடம் இருக்கும் வகையைப் பாருங்கள், சம்பளம் தருவார்கள், அந்த வருடக் கட்டணமும் மிகக் குறைவு. நான் விண்ணப்பிக்கவே இல்லை, சோம்பல்தான், வேறு காரணம் சொன்னால் பொய்.

சேருவதற்கு முன்னால் துறை உயிரோடு இருக்குமா என்றும் பாருங்கள், வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஹல் பல்கலைக்கழகம் 2024-ல் வேதியியல் துறையை மூடுவதாக அறிவித்தது. இருபது வருடத்துக்கு முன்னால் எக்ஸிட்டரிலும் இதே நடந்தது, நோபல் வாங்கிய வேதியியலாளர் ஹாரி குரோட்டோ அங்கே வாங்கிய கௌரவப் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்குக் கோபப்பட்டார்.

அப்புறம் ஓப்பன் டே, சேர நினைக்கிறவர்களுக்குப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டும் நாள். பளபளப்பான கட்டடமும் இலவசப் பையும் தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். தரவரிசைப் பட்டியலைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆய்வகச் சுற்றுலாவில் கூட்டம் முன்னால் போகட்டும், நீங்கள் கொஞ்சம் பின்தங்கி, ஹூட் பக்கத்தில் நிற்கும் பிஎச்டி மாணவர் யாரிடமாவது, உங்கள் பேராசிரியர் நான்காம் வருட மாணவர்களைக் கடைசியாக எப்போது உட்கார வைத்துப் பேசினார் என்று கேளுங்கள். நேற்று, போன வாரம் என்று நாள் சொன்னால் சேருங்கள். சிரித்தால் அடுத்த ஊருக்கு ரயில் பிடியுங்கள்.